எலிப் புழுக்கையும் பனியுகக் காடும்

கேள்வி இதுதான்: பல்லாயிரம் ஆண்டுப் பழைய எலிக்கூடுகளை வைத்து அந்தக் காலத்துக் காடுகளையும், உயிரினங்கள் மாறிவந்த விதத்தையும் கண்டுபிடிக்கிறார்களாமே, அது எப்படி? ஏரிச் சேற்றில் கிடைக்கும் மகரந்தத்தை வைத்து ஏற்கெனவே இதைச் செய்கிறார்களே, எலிக்குப்பை எதற்கு?

இரண்டாவது பாதியிலிருந்து தொடங்குகிறேன். விஷயமே அதில்தான் இருக்கிறது.

மகரந்தம் காற்றில் வருவது. பைன் மரத்தின் மகரந்தம் நூறு கிலோமீட்டர் தாண்டியும் வந்து விழும். ஏரிச் சேற்றில் அதைப் பார்த்தால் ‘இந்த வட்டாரத்தில் எங்கோ பைன் இருந்தது’ என்று சொல்லலாம். ‘இந்தச் சரிவில் இருந்தது’ என்று சொல்ல முடியாது. எந்த இனத்துப் பைன் என்பதும் பெரும்பாலும் தெரியாது. புல் வகைகளின் மகரந்தமெல்லாம் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். போதாததற்கு, பாலைவனத்தில் ஏரிக்கு எங்கே போவது?

எலி கொண்டுவந்து போட்டது வேறு வகைச் சாட்சி. கூட்டைச் சுற்றி ஐம்பது அறுபது மீட்டருக்குள், மிஞ்சிப்போனால் நூறு மீட்டருக்குள் கடித்து இழுத்துவந்த இலை, காம்பு, விதை, முள், எலும்பு. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு செடியின், குறிப்பிட்ட ஒரு பிராணியின் உடற்பகுதி. அதன் இனத்தைச் சொல்லலாம், வயதைத் தனியாகக் கணிக்கலாம், இலைத்துளைகளை எண்ணலாம், டி.என்.ஏ.வையும் எடுக்கலாம். ‘காடு இருந்தது’ என்ற பொதுச்செய்தி அல்ல, அந்தக் காட்டின் ஆட்களே கையில் இருக்கிறார்கள். பரிணாமத்தைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் இப்படித் தனித்தனி உயிர்கள்தான் வேண்டும்.

இந்த வேலையைச் செய்துவைத்த எலிக்குப் பேக்ராட் என்று பெயர். நியோடோமா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. கனடாவிலிருந்து மத்திய அமெரிக்கா வரை இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள். நம் வீட்டு எலிக்குத் தூரத்து உறவுதான். கண்ணில் பட்டதையெல்லாம் சுமந்துகொண்டு போகும்: குச்சி, சாணம், எலும்பு, கள்ளி முள், முகாமிட்டவர்கள் விட்டுவைத்த கரண்டி, பாட்டில் மூடி. வாயில் ஒரு குச்சியோடு போகும்போது பளபளப்பாக ஏதாவது தெரிந்தால் குச்சியைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். கூடு கட்டுவது பாறை இடுக்கிலும் குகை மூலையிலும். சுற்றிலும் சப்பாத்திக்கள்ளித் துண்டுகளை முள்வேலி மாதிரி அடுக்கிவைக்கும். நரியும் பாம்பும் எளிதில் நெருங்க முடியாது.

இதில் முக்கியமான கட்டம் சிறுநீர். பாலைவனத்துப் பேக்ராட் தண்ணீர் தேடிப் போவதில்லை. தேவையான ஈரத்தைக் கள்ளி போன்ற சதைப்பற்றுள்ள செடிகளிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் சிறுநீர் கெட்டியாக இருக்கும். தலைமுறை தலைமுறையாக ஒரே குப்பைமேட்டின் மேல் அது ஊறி, காய்ந்து, படிகமாகிவிடுகிறது. இலையும் புழுக்கையும் அதற்குள் அகப்பட்டுக்கொள்கின்றன. இந்தக் கெட்டிப் பொருளை ஆராய்ச்சியாளர்கள் ஆம்பராட் என்கிறார்கள். கறுத்து, மினுமினுத்து, கருப்பட்டி போலவே இருக்கும். பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்; சுத்தியலும் உளியும் இல்லாமல் பெயராது.

அதைத் தின்பண்டம் என்றே நினைத்தவர்களும் உண்டு. 1849இல் கலிஃபோர்னியாவில் தங்கம் தேடிப் போன கூட்டங்களில் ஒன்று மேற்கு அமெரிக்காவின் நெவாடா பாலையில் வழிதெரியாமல் அலைந்தது. கையில் உணவில்லை. பாறைப் பொந்துகளில் மிட்டாய் போலப் பளபளத்த உருண்டைகளைப் பார்த்து உடைத்துத் தின்றிருக்கிறார்கள். இனிப்பாகத்தான் இருந்ததாம், பிறகு குமட்டியதாம். கூட்டத்திலிருந்த வில்லியம் மேன்லி என்பவர் பின்னாளில் எழுதிவைத்ததால் நமக்கு இது தெரியும். அவர்கள் தின்றது பேக்ராட் குப்பை என்றுதான் இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பனியுகத்து ஆவணத்தைச் சாப்பிட்டவர்கள் என்று அவர்களைச் சொன்னால் தப்பில்லை.

இந்தக் கட்டிக்கு முக்கிய எதிரி ஈரம். ஆம்பராட் காற்றிலிருக்கும் ஈரத்தைக்கூட இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். வறண்டதும் மறுபடி இறுகும். மழைநீர் பட்டால் கரைந்தே போய்விடும். நம் வயல் எலியும் வளைக்குள் நெல்லைச் சேர்க்கத்தான் செய்கிறது. ஒரு ஐப்பசி மழைக்கு மிஞ்சுமா அது? அதனால்தான் இந்த ஆராய்ச்சி வறண்ட இடங்களுக்கே உரியதாகிவிட்டது. சாரலும் தூவானமும் எட்டாத குகையாக இருந்தால், கார்பன்-14 முறையில் (உயிர்ப்பொருளிலுள்ள கதிரியக்கக் கார்பன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து வயது சொல்லும் முறை) கணிக்கக்கூடிய எல்லையான சுமார் 50,000 ஆண்டுகள் வரைக்கும், சிலசமயம் அதற்கு மேலும், கட்டி அப்படியே இருக்கும். இலையில் பச்சை நிறம்தான் போயிருக்கும், வடிவம் மாறியிருக்காது.

ஆய்வகத்தில் நடப்பது எளிமையான வேலை. பெயர்த்துவந்த கட்டியின் மேல்தோலைச் செதுக்கி எறிகிறார்கள். பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட குப்பை அதில் இருக்கலாம். பிறகு வாளித் தண்ணீரில் சில நாள் ஊறப்போடுகிறார்கள். சிறுநீர்ப் படிகம் கரைந்து தண்ணீர் பழுப்பாகிவிடும். பல்லாயிரம் ஆண்டு கழிந்தும் நாற்றம் மட்டும் போவதில்லை. சல்லடையில் வடித்துக் காயவைத்தால் எஞ்சுவது ஒரு தட்டு நிறைய உலர்ந்த குப்பை. அதை நுண்ணோக்கிக்கு அடியில் இடுக்கியால் தள்ளித் தள்ளிப் பிரிக்க வேண்டும். ஜூனிபர் என்ற ஊசியிலை வகை மரத்தின் செதில் செதிலாக அடுக்கிய காம்பு ஒரு பக்கம், ஊசியிலைகள் ஒரு பக்கம், கள்ளி முள் ஒரு பக்கம், வண்டின் சிறகோடு ஒரு பக்கம், புழுக்கை ஒரு குவியல். ஒரு கட்டியில் ஆயிரக்கணக்கான புழுக்கைகள் இருக்கும். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை. (புதுக்கூடுகளைக் கிளறுவது ஆபத்து. ரத்தம் உறிஞ்சும் பூச்சி வகை ஒன்று அங்கே குடியிருக்கும். சாகஸ் என்ற ஒட்டுண்ணி நோயைப் பரப்பக்கூடிய குடும்பம் அது.)

இதன் பயன் முதன்முதலாகத் தெரியவந்தது ஓர் எதிர்பாராத இடத்தில். நெவாடாவில் அணுகுண்டு சோதனைகள் நடந்த பிரெஞ்ச்மன் ஃபிளாட் பகுதி. அங்குள்ள வறண்ட குன்றுகளில் ஃபிலிப் வெல்ஸ், கிளைவ் ஜார்ஜென்சன் என்ற இருவர் தாவரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இன்று ஜூனிபர் மரமே இல்லாத தாழ்வான சரிவுகளில், எலிக்குப்பைகளுக்குள் ஜூனிபர் காம்பும் விதையும் குவிந்து கிடந்தன. கார்பன்-14 கணிப்பில் 7,800 ஆண்டுகளிலிருந்து 40,000க்கும் மேல் வரை வயது வந்தது. 1964இல் ‘சயன்ஸ்’ இதழில் அதை வெளியிட்டார்கள். பாலைவனம் என்று நாம் அழைக்கும் அந்த இடத்தில் பனியுகத்தில் ஜூனிபர் காடு நின்றிருக்கிறது. வடக்கே பரந்து கிடந்த பனிப்பாளங்களால் பசிபிக் புயல்களின் பாதை தெற்கே தள்ளப்பட்டு, குளிர்கால மழை இங்கே விழுந்ததுதான் காரணம்.

பிறகு ஜூலியோ பெட்டான்கோர்ட், டாம் வான் டெவெண்டர், பால் மார்ட்டின் போன்றவர்கள் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் நூற்றுக்கணக்கான கட்டிகளை ஆராய்ந்தார்கள். அதில் வெளிவந்த செய்தி எனக்கு முதல் கண்டுபிடிப்பைவிடப் பெரிதாகப் படுகிறது. காலநிலை மாறும்போது ஒரு காடு முழுக்க மூட்டைமுடிச்சோடு மலையேறும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு இனமும் தன்பாட்டுக்கு, தன் வேகத்தில் நகர்ந்திருக்கிறது. இன்று ஒன்றாகவே வாழாத செடிகள் அன்று ஒரே எலியின் குப்பையில் கிடக்கின்றன. இன்று தென்மேற்கு அமெரிக்காவின் மலைகளை மூடியிருக்கும் பாண்டரோசா பைன், பனியுகக் குப்பைகளில் மிக அபூர்வம். அது பரவியதெல்லாம் கடந்த பத்தாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில்தான். சோனோரன் பாலைவனத்தின் அடையாளமாக நாம் படங்களில் பார்க்கும் சகுவாரோ கள்ளியும் பனியுகம் முடிந்த பிறகே அங்கே திரும்பிவந்தது. அப்படியானால் ‘இயற்கையான பழைய நிலைக்கு மீட்பது’ என்று பேசும்போது எந்த ஆண்டு நிலையைச் சொல்கிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இயற்கைப் பாதுகாப்பில் இருப்பவர்களுக்குச் சங்கடமான கேள்வி, ஆனாலும் நியாயமானது.

இனி பரிணாமம். இங்கே சாட்சி சொல்வது புழுக்கை.

ஃபெலிசா ஸ்மித் என்ற ஆய்வாளர் ஓர் எளிய விஷயத்தைக் கவனித்தார். பேக்ராட்டின் உடல் பெரிதானால் அதன் புழுக்கையும் அகலமாகும். உயிருள்ள எலிகளை எடைபோட்டு, அவற்றின் புழுக்கையை அளந்து, இரண்டுக்கும் உள்ள கணக்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு பழைய கட்டிகளிலுள்ள புழுக்கைகளை அளந்தால் அந்தக் காலத்து எலியின் எடை வந்துவிடுகிறது. 1995இல் பெட்டான்கோர்ட், ஜேம்ஸ் பிரவுன் இருவருடன் சேர்ந்து, புதர்வால் பேக்ராட்டின் 25,000 ஆண்டு உடல் வரலாற்றை இப்படி வெளியிட்டார். பனியுகத்தின் உச்சக் குளிரில் எலி பெரிதாக இருந்திருக்கிறது. வெப்பம் ஏற ஏறச் சிறுத்திருக்கிறது. மறுபடி குளிர்ந்தபோது மறுபடி பெருத்திருக்கிறது. குளிர்ப் பகுதிகளில் வாழும் விலங்குகள் பெரிய உடல் கொண்டிருக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த விதி. உடல் பெரிதானால் எடையோடு ஒப்பிடும்போது தோல்பரப்பு குறைவு, சூடு எளிதில் வெளியேறாது. ஆனால் அந்த விதியைப் பெரும்பாலும் வரைபடத்தில்தான் பார்த்துவந்தார்கள்: வடக்கே பெரிது, தெற்கே சிறிது. ஒரே இடத்தில், ஒரே இனத்தில், காலத்தின் ஊடாக அது நடப்பதைக் காட்டியது இந்தப் புழுக்கை.

சிறுத்தும் தப்பிக்க முடியாத இடமும் உண்டு. கலிஃபோர்னியாவிலுள்ள மரணப் பள்ளத்தாக்கின் கிழக்கே உள்ள அமர்கோசா மலைத்தொடரில் ஒருகாலத்தில் புதர்வால் பேக்ராட் வாழ்ந்தது. இன்று அங்கே இல்லை. மேற்கே பானமின்ட் மலைத்தொடர் அதைவிட உயரம். அங்கே எலி மேலே மேலே ஏறி இன்னும் பிழைத்திருக்கிறது. மலை எவ்வளவு உயரம் என்பதே வாழ்வா சாவா என்று தீர்மானித்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. உடல் சிறுத்தது மரபணு மாறியதாலா, அல்லது தீனியும் வெப்பமும் வளர்ச்சியைக் குறைத்ததாலா என்று புழுக்கையின் அகலம் மட்டும் சொல்லாது. முதலாவதுதான் கறாரான அர்த்தத்தில் பரிணாமம். பத்திரிகைச் செய்திகள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை.

செடிகளின் பக்கம் வந்தால் இலைத்துளைகள். இலை சுவாசிக்கும் நுண்ணிய வாய்கள் அவை. கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகும்போது அதே வழியாகத் தண்ணீர் வெளியே போகும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் செடிக்கு அத்தனை துளைகள் தேவையில்லை. நெவாடாவை உள்ளடக்கிய கிரேட் பேசின் பகுதியின் எலிக்குப்பைகளில் லிம்பர் பைன் ஊசியிலைகள் ஏராளம். 1994இல் வெளியான ஆய்வு அவற்றின் துளைகளை எண்ணியது. 15,000 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 12,000 ஆண்டுகளுக்கு முன்புவரை, காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 30 சதவீதம் கூடியபோது, ஊசியிலைத் துளைகளின் அடர்த்தி சுமார் 17 சதவீதம் குறைந்திருக்கிறது. மகரந்தத்தை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடவே முடியாது, இலை வேண்டும்.

இன்னும் நுட்பமானது கிரியோசோட் புதரின் விவகாரம். வட அமெரிக்கப் பாலைவனங்களில் எங்கு பார்த்தாலும் இதுதான். பார்வைக்கு ஒரே செடி. ஆனால் சிவாவன் பாலையில் இருப்பதற்கு இரண்டு தொகுதிக் குரோமோசோம், சோனோரனில் நான்கு, மொஹாவியில் ஆறு. குரோமோசோம் தொகுதி கூடக்கூட இலைத்துளையைச் சுற்றியுள்ள காப்புசெல்கள் பெரிதாகும். ஆகவே எலி கடித்துப்போட்ட இலையில் அந்தச் செல்லை அளந்தால் அந்தச் செடி எத்தனை தொகுதி உடையது என்று சொல்லிவிடலாம். கிம் ஹன்டரும் அவர் குழுவும் 2001இல் செய்தது இதுதான்: குரோமோசோம் பெருக்கத்தால் பிரிந்த மூன்று வகைகளும் பனியுகத்துக்குப் பிறகு எப்படிப் பரவின என்பதற்கு, டி.என்.ஏ.வைத் தொடாமலே, இலையை வைத்து வரைபடம் போட்டார்கள்.

இந்தப் புதரின் பிசின் நச்சுத்தன்மை உடையது. மொஹாவிப் பேக்ராட்டுகள் அதையே தின்று வாழ்கின்றன. கிரியோசோட் இல்லாத வடக்கில் வாழும் அதே இன எலிகளால் அது முடியாது. டெனிஸ் டியரிங் குழுவினர் 2014இல், தின்று பழகிய எலியின் குடல் நுண்ணுயிர்களைப் பழகாத எலிக்கு மாற்றிப் பார்த்தார்கள். அதற்கும் அந்த நஞ்சைத் தாங்கும் திறன் கூடியது. இது உயிருள்ள எலிகளில் செய்த சோதனை. ஆனால் புதர் எந்தக் காலத்தில் எந்த ஊருக்கு வந்தது என்ற தேதி பழைய குப்பையிலிருந்துதான் கிடைக்கிறது. எலியும் செடியும் எத்தனை ஆண்டுகளாக ஒன்றோடொன்று மல்லுக்கட்டி வருகின்றன என்பதை அப்படித்தான் கணக்கிட முடிகிறது.

டி.என்.ஏ. வந்த பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவனத்தில் பேக்ராட் கிடையாது. இலைக்காது எலி, சிஞ்சில்லா எலி, விஸ்காச்சா போன்ற வேறு கொறிவிலங்குகள் அங்கே இதே மாதிரிக் கட்டிகளை விட்டுச்சென்றிருக்கின்றன. 11,700 ஆண்டுப் பழைய ஒரு கட்டியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை 2002இல் ஆராய்ந்தார்கள். இலை, விதைகளை நேரில் பார்த்து அடையாளம் கண்டதையும் சேர்த்தால், இன்று அந்த இடத்தில் இல்லாத 13 தாவரக் குடும்பங்கள் தெரியவந்தன. அன்று அங்கே ஈரமும் பசுமையும் இருந்திருக்கின்றன. விகூனா என்ற ஒட்டகக் குடும்ப விலங்கின் தடயமும் ஒரு பறவையின் தடயமும் இருந்தன. கட்டியை உருவாக்கிய எலி யார் என்று புழுக்கையைச் சோதித்தால், இன்று அங்கிருந்து நூறு கிலோமீட்டர் வடக்கே வாழும் ஓர் இலைக்காது எலி இனத்தின் மூதாதை. ஒரே கட்டியில் செடியின் வரலாறும் கிடைத்தது, எலியின் இடப்பெயர்ச்சியும் கிடைத்தது.

2018இல் இன்னொரு படி மேலே போனார்கள். பேக்ராட் குப்பையிலிருந்து 27,000 ஆண்டுப் பழைய பாப்பிலோமா வைரஸின் மரபுத்தொடரை மீட்டார்கள். எலி இனம் பிரியப் பிரிய அதன் வைரஸும் கூடவே பிரிந்து வந்திருக்கிறது என்பதற்கு இது ஆதாரம். சிறுநீர்ப் படிகத்தில் சிக்கிய குளோரின்-36 என்ற கதிரியக்க அணுவை அளந்து, விண்வெளிக் கதிர்கள் 40,000 ஆண்டுகளாக எப்படிக் கூடிக்குறைந்தன என்று கணித்தவர்களும் இருக்கிறார்கள். அதை 1997இலேயே செய்துவிட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, எங்கே நம்பக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலி கணக்கெடுப்பு அதிகாரி அல்ல. ஸ்டீஃபன்ஸ் பேக்ராட் என்ற இனத்துக்கு ஜூனிபர்தான் உயிர். அதன் குப்பையில் ஜூனிபர் நிறைந்திருப்பதால் அந்தச் சரிவு முழுக்க ஜூனிபர் என்று சொல்லிவிட முடியாது. குப்பையில் ஒரு செடி இருந்தால் அது அருகில் இருந்தது நிச்சயம். இல்லாவிட்டால் எதுவும் நிச்சயமில்லை. ஏரிச் சேறு ஆண்டுதோறும் விடாமல் படிவது. எலிக்குப்பை அப்படியல்ல, ஒரு கட்டி சில ஆண்டுகளையோ சில பத்தாண்டுகளையோ காட்டும், அடுத்த கட்டி ஆயிரம் ஆண்டு தள்ளி இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. பாறையான இடத்தில்தான் கட்டி கிடைக்கும். சமவெளியைப் பற்றி அதற்கு அதிகம் தெரியாது. முன்பு ஒரு கட்டியின் வயதைக் கணிக்கக் கைநிறையப் புழுக்கை வேண்டும். வெவ்வேறு காலக் குப்பை கலந்திருந்தால் வயது குழம்பிவிடும். இப்போது ஒற்றை விதையையோ ஒற்றை ஊசியிலையையோ தனியாகக் கணிக்க முடிவதால் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்திருக்கிறது.

இந்த வரம்புகளை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கு நல்ல உதாரணம். கி.பி. 850 முதல் 1150 வரை பியூப்ளோ என்ற பூர்வகுடி மக்களின் முன்னோர் அங்கே பிரம்மாண்டமான கல்மாளிகைகளைக் கட்டினார்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மர உத்தரங்கள். பலவற்றை 75 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த மலைகளிலிருந்து கொண்டுவந்தார்கள். பெட்டான்கோர்ட்டும் வான் டெவெண்டரும் 1981இல் அங்குள்ள எலிக்குப்பைகளைப் பார்த்தபோது, பழைய கட்டிகளில் பின்யோன் பைனும் ஜூனிபரும் இருந்தன, பிந்தையவற்றில் இல்லை. அந்த மக்கள் விறகுக்காக வெட்டியே காட்டை அழித்தார்கள், அதுதான் அவர்கள் ஊரைவிட்டுப் போனதற்கும் ஒரு காரணம் என்ற விளக்கம் புகழ்பெற்றுவிட்டது. 2014இல் வில்ஸ் என்ற தொல்லியலாளரும் அவர் குழுவும் அதை மறுத்தார்கள். அங்கே அடர்ந்த காடு இருந்ததற்கோ, மனிதர்கள் அதை அழித்ததற்கோ போதிய சான்றில்லை என்றார்கள். என் கருத்தில், மரம் இல்லாமற்போனதை எலிக்குப்பை காட்டுகிறது, கோடரியைக் காட்டவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி முடிவு சொன்னது எலி அல்ல, ஆய்வாளர்கள்தான்.

அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியேயும் இந்த வகைப் பொக்கிஷம் உண்டு. ஆஸ்திரேலியாவில் குச்சிக்கூடு கட்டும் எலிகள் இருந்தன. சிறிய இனம் அழிந்துவிட்டது. கடைசியாகப் பிடிபட்டது 1933இல். பெரிய இனம் தெற்கு ஆஸ்திரேலியக் கடலோரத்தில் பிராங்க்ளின் தீவுகளில் மட்டும் தப்பியிருந்து, அங்கிருந்து வேறு இடங்களுக்குக் கொண்டுபோய் விடப்பட்டது. எலியே இல்லாத குகைகளில் அதன் பழைய கூடு இன்னும் இருக்கிறது. தென் ஆப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் ஹைராக்ஸ் என்ற, முயல் அளவுள்ள பிராணி ஒரே பாறையில் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீர் கழித்து அடுக்கடுக்காகப் படிவம் சேர்த்திருக்கிறது. அது கொறிவிலங்கே அல்ல, யானைக்குத்தான் நெருங்கிய உறவு. அதன் படிவத்தில் இலை குறைவு. ஆனால் அடுக்குகள் தொடர்ச்சியாக இருப்பதால், பேக்ராட் குப்பையின் இடைவெளிக் குறை அதற்கு அவ்வளவாக இல்லை.

நீங்களே பார்க்க விரும்பினால், அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் பராமரிக்கும் வட அமெரிக்கப் பேக்ராட் கட்டித் தரவுத்தளம் இலவசம். 3,000க்கும் மேற்பட்ட கட்டிகள், ஒவ்வொன்றுக்கும் இடம், உயரம், வயது, செடிப் பட்டியல். நியோடோமா என்ற பெயரிலேயே இன்னொரு பெரிய தரவுத்தளமும் உண்டு. அதில் மகரந்தத் தரவும் சேர்ந்திருப்பதால், ஒரே வட்டாரத்தில் ஏரிச் சேறு என்ன சொல்கிறது, எலி என்ன சொல்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நெவாடாவிலிருந்து தொடங்குங்கள், கட்டிகள் அங்கே நிறைய.